டாமிக்கும் மணிக்கும் சண்டை: பொறாமை என்று விட்டுவிடலாமா?

கேள்வி (ஜூன் 8, 2025, பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி)

அக்கா, வீட்டில் இரண்டு ஆண் நாய்கள். டாமி லேப்ரடார், ஆறு வயது. மணி நாட்டு நாய், ஒன்றரை வயது, குட்டியாக மழையில் கிடந்ததை அம்மா தூக்கி வந்தது. ஒரு வருஷம் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத்தான் தூங்கினார்கள். இப்போது இரண்டு மாதமாகச் சண்டை. நான் வேலை முடிந்து வந்தால் போதும், ஆரம்பித்துவிடுகிறது. போன வாரம் டாமியின் காது கிழிந்தது. அம்மா பொறாமை என்கிறார். மாமா "அடிச்சுக்கட்டும் விடு, ஒருத்தன் ஜெயிச்சா அடங்கிடும்" என்கிறார். அப்பா மணியைத் தென்காசிப் பக்கம் நண்பர் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்கிறார். இரண்டையும் சமமாகத்தானே பார்க்கிறோம்? நாய்க்குப் பொறாமையெல்லாம் உண்டா?

ஜூன் 8, இரவு

தம்பி, மாமா சொன்னதை மட்டும் செய்ய வேண்டாம். எங்கள் தெருவிலும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். தெருநாய்க்கு அது ஓரளவு ஓடும், ஏனென்றால் தோற்றது அடுத்த தெருவுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் தோற்றவன் எங்கே போவான், கிரில் கேட் பூட்டியிருக்கிறதே? அடுத்த தடவை முந்திக்கொண்டு கடிக்கப் பழகுகிறான், ஜெயித்தவனும் கடித்தால் காரியம் நடக்கும் என்று தெரிந்துகொள்கிறான். அப்படித்தான் ஒன்று இரண்டாகி, காது கிழிகிற அளவுக்கு வந்து நிற்கிறது.

இன்று ராத்திரியிலிருந்து, ஆள் பார்வை இல்லாமல் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஒன்று மாடியில், ஒன்று கீழே. அல்லது ஒன்று முன் அறையில், ஒன்று கொல்லைப்பக்கம். பிரித்து வைத்தால் பாசம் போய்விடும் என்று யாராவது சொன்னால் சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

டாமிக்குக் காதோடு நிறுத்தாமல் கழுத்து, தாடை, முன்னங்கால் இடுக்கு எல்லாம் மயிரை விலக்கிப் பாருங்கள். லேப்ரடாருக்கு மயிர் அடர்த்தி, வெளியே ஒன்றும் தெரியாது. பல் இறங்கிய ஓட்டை மேலே சின்னதாக இருக்கும், உள்ளே தோலும் சதையும் பிரிந்து கிடக்கும், மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டும். மஞ்சளை அப்பிவிட்டு ஆறிவிடும் என்று இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நாம் சாப்பிடும் வலி மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம், ஐபுப்ரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

பிரிக்கப்போன யாருக்காவது பல் பட்டதா? நீங்கள் அதை எழுதவே இல்லை. பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம்ம நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஜூன் 9

நேற்றுப் பொறாமைக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. உண்டு என்றுதான் நினைக்கிறேன். 2014இல் அமெரிக்காவில் சான் டியேகோவில் கிறிஸ்டின் ஹாரிஸ் என்ற உளவியல் பேராசிரியர் 36 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். வளர்ப்பவர் தன் நாயைக் கண்டுகொள்ளாமல், குரைத்து வாலாட்டும் ஒரு பொம்மை நாயைக் கொஞ்ச வேண்டும். அப்புறம் பூசணிக்காய் வடிவத்தில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொஞ்ச வேண்டும் (இதைச் செய்தவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது). அப்புறம் ஒரு புத்தகத்தை உரக்கப் படிக்க வேண்டும். பொம்மை நாயைக் கொஞ்சியபோது 78 சதவீத நாய்கள் வந்து எஜமானரை முட்டின, வாளிக்கு 42 சதவீதம், புத்தகத்துக்கு 22. நாலில் ஒரு நாய் பொம்மையைக் கடிக்கவே பாய்ந்தது. பொம்மையின் பின்பக்கத்தை மோந்து பார்க்காத நாய்கள் கொஞ்சம்தான் என்பதையும் எழுதியிருக்கிறார்கள், ஆக அதை நிஜ நாய் என்றே பெரும்பாலானவை நினைத்திருக்கின்றன.

ஆக அம்மா சொல்வதில் தப்பில்லை. ஆனால் அது தெரிந்து என்ன செய்வது? பொறாமைக்கு மருந்து எந்தக் கடையில் இருக்கிறது?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இரண்டும் பொட்டை. செவலை நாட்டு நாய், மூத்தது. பாப்பா சிப்பிப்பாறைக் கலப்பு, பின்னால் வந்தது, கால் எல்லாம் குச்சி, வேகம் மட்டும் எக்ஸ்பிரஸ். பாப்பாவுக்கு ஒன்றரை வயது ஆனதும் தொடங்கியது. நாங்களும் பொறாமை பொறாமை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் என் வீட்டுக்காரர் மகளின் பழைய கணக்கு நோட்டில் வீட்டைக் கட்டம் கட்டமாக வரைந்து, சண்டை நடந்த இடத்திலெல்லாம் புள்ளி வைக்க ஆரம்பித்தார். இவருக்கு வேறு வேலையில்லை என்று நான்தான் முணுமுணுத்தேன். கொஞ்ச நாளில் பார்த்தால் புள்ளியெல்லாம் மூன்றே இடத்தில். அடுக்களை நிலைப்படி, மாடிப்படி திரும்புகிற இடம், வாசல் கேட். ஹாலில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஹாலில்தான் ராத்திரி நான் டிவி பார்க்கும்போது இரண்டும் என் காலடியில் கிடக்கும், இரண்டு கையாலும் இரண்டையும் தடவிக்கொண்டிருப்பேன். பொறாமை ஒன்றுதான் காரணம் என்றால் அங்கே அல்லவா முதலில் ரத்தம் பார்த்திருக்க வேண்டும்?

மூன்று இடத்துக்கும் பொது என்ன என்று பாருங்கள். ஒரு நாய் நின்றால் இன்னொன்று உரசாமல் தாண்ட முடியாது. அங்கே எப்போதும் ஏதாவது பரபரப்பு: சாப்பாடு, ஆள் வருவது, வெளியே போவது. ஆக இரண்டு நாய்க்கும் உடம்பில் முறுக்கு ஏறியிருக்கிறது, விலகிப் போக வழியும் இல்லை. பொறாமை இருக்கட்டும், அது மனசுக்குள் இருக்கிற விஷயம். நிலைப்படியை நம்மால் மாற்ற முடியும்.

நீங்களும் புள்ளி வையுங்கள்.

ஜூன் 9, மாலை

நீங்கள் அனுப்பிய புள்ளிகளைப் பார்த்தேன், எதிர்பார்த்ததுதான். பைக்குக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து, செருப்பு ஸ்டாண்டு பக்கம், எல்லாமே நீங்கள் வண்டியை நிறுத்தும் நேரம். சரி, முதல் வேலை, பைக் சத்தம் கேட்கும்போது இரண்டும் வாசலில் இருக்கக் கூடாது. தெரு முனையிலிருந்து அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், அவர் ஒன்றை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தட்டும், இன்னொன்றைக் கொல்லையில் விடட்டும். நீங்கள் வந்து, கை கால் கழுவி, காப்பி குடித்து, அந்தப் பரபரப்பு அடங்கின பிறகு ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். "டேய் மணிக்குட்டி" என்று கேட்டிலிருந்தே கூவிக்கொண்டு வராதீர்கள். நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம்.

ஜூன் 12

கீழே பின்னூட்டத்தில் ஒருவர் "தலைவன் யார் என்று நீங்கள் காட்ட வேண்டும், நாயை மல்லாக்கப் போட்டு அமுக்கிப் பிடியுங்கள்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். இந்தத் தலைவன் கதை 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும். டேவிட் மெக் என்ற ஓநாய் ஆராய்ச்சியாளர் அதை 1970இல் தன் புத்தகத்தில் பரப்பினார், பிறகு காட்டில் நேரில் பார்த்து, ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மா பிள்ளைகள் அடங்கிய குடும்பம், சண்டை போட்டுப் பதவி பிடிப்பது அங்கே வழக்கமில்லை என்று 1999இல் அவரே எழுதினார். எழுதினவரே கைவிட்ட விஷயத்தை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஏற்கனவே முறுக்கேறி நிற்கும் நாயை மல்லாக்கப் போட்டால் கடிபடுவது உங்கள் முகம்.

உறுமினால் அடிப்பதையும் நிறுத்துங்கள். உறுமல் நல்லது. "இதுக்கு மேல வராதே" என்று அது வாயால் சொல்கிறது. அதை அடித்து அடக்கினால் சொல்லாமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும்.

ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமை, கறி எடுத்த நாள், அதனால் சமத்துவம் பற்றி எழுத நல்ல நாள்.

"இரண்டையும் சமமாகத்தானே பார்க்கிறோம்" என்றீர்கள். வியன்னாவில் ஃப்ரீடெரிகே ரேஞ்ச் என்பவரும் கூட இருந்தவர்களும் 2009இல் ஒன்று செய்து பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாய்கள், இரண்டும் கை கொடுக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் தீனி, மற்றதற்கு ஒன்றும் இல்லை என்றால், இல்லாத நாய் சீக்கிரமே கை கொடுப்பதை நிறுத்திவிட்டது. தனியாக இருந்து தீனி இல்லாமல் கேட்டபோது அதைவிட அதிக நேரம் கொடுத்தது. ஆக அநியாயம் அதற்குத் தெரிகிறது. ஆனால் ஒன்றுக்கு ரொட்டி, இன்னொன்றுக்கு சாஸேஜ் கொடுத்தபோது கண்டுகொள்ளவில்லையாம். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. என் மாமியார் "செவலைக்குப் பல்லு இல்ல, தயிர்சாதம் போதும், பாப்பாவுக்கு ஈரல் போடு" என்று பாரபட்சம் காட்டியதில் ஒரு சண்டையும் வரவில்லை. அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன், "இதக் கண்டுபிடிக்க வெளிநாடு போனாங்களா" என்றார்.

இரண்டுக்கும் ஏதாவது கிடைத்தால், எது நல்லது என்ற பாரபட்சம் பிரச்சினையில்லை. தரும் இடமும் நேரமும்தான் பிரச்சினை. எலும்பை நடு முற்றத்தில் ஆளுக்கொன்றாகச் சமமாகப் போட்டால், தன்னுடையதைக் கவ்விக்கொண்டு மற்றதன் எலும்பையும் பார்க்கும். சோறு தனித்தனி அறை, கதவு சாத்தி. தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பது, காலித் தட்டுக்கும் சண்டை வரும். எலும்பு, பொம்மை, பந்து எல்லாம் தரையில் கிடக்கக் கூடாது.

மூத்ததற்கு முதலில் சோறு, மூத்ததற்கு முதலில் தடவல், இளையது தானாக அடங்கும் என்று ஒரு யோசனை உண்டு. நான் அதைக் கொஞ்சம் நம்புகிறேன், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடத்துகிறோம். இதைப் பற்றி இன்னொரு நாள்.

ஜூன் 16

சண்டை நடக்கும்போது எப்படிப் பிரிப்பது என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

கழுத்துப் பட்டையில் கை வைக்கக் கூடாது. பலர் கடிபடுவது அங்கேதான். அந்த நேரத்தில் நாய்க்கு உங்கள் கை என்று தெரியாது, கழுத்துப் பக்கம் எது வந்தாலும் திரும்பிக் கடிக்கும்.

ஆள் இரண்டு இருந்தால், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால் இரண்டையும் தொடைக்கு மேலே பிடித்துத் தூக்கி, தள்ளுவண்டியைப் பின்னால் இழுப்பது போல ஒரே நேரத்தில் பின்னோக்கி இழுக்க வேண்டும், நேராக இழுக்காமல் லேசாக வளைந்து. நேராக இழுத்தால் திரும்பி உங்களைக் கடிக்கும். வாய் பற்றியிருந்தால் இழுக்கவே கூடாது, சதை பிய்ந்துவிடும், விடுகிறவரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிரித்ததும் கதவுக்கு அந்தப்பக்கம் ஒன்று, இந்தப்பக்கம் ஒன்று. கையை விட்டால் மறுபடியும் பாயும்.

தனி ஆள் என்றால் இழுக்கப் போக வேண்டாம், ஒன்றை இழுத்தால் மற்றது வந்து விழும். வாளித் தண்ணீரை மூஞ்சியில் கொட்டலாம். கனமான போர்வையை மேலே போடலாம். பழைய பிளைவுட் பலகை இருந்தால் நடுவில் நுழைக்கலாம். எங்கள் வீட்டில் அத்தை தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து அடிப்பார், பக்கத்து வீட்டில் தீபாராதனை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதாகக் கேள்வி. ஆரம்ப உறுமலுக்குச் சத்தம் உதவும், வாய் பற்றின பிறகு உதவாது. துடைப்பத்தால் அடிப்பது எந்தக் கட்டத்திலும் உதவாது, மற்றது கடிக்கிறது என்று நினைத்து இன்னும் இறுக்கும்.

கத்தாதீர்கள் என்று எழுதலாம்தான். எனக்கே முடிவதில்லை.

ஜூன் 17

ராஜபாளையம் இரண்டு வளர்த்தால் அடித்துக்கொள்ளும், அது இனக்குணம் என்று ஒருவர், இல்லவே இல்லை என்று ஒருவர், நேற்று முழுக்க அதுவே ஓடியிருக்கிறது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கும் ஒன்று போட்டார்கள், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய் மற்றவை. எங்கள் அப்பாவிடம் அந்த நாலும் இருந்தன. நாலும் ஒரே கவரில் இருந்தன, சண்டை இல்லை. இனத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

ஜூலை 2

தம்பியின் செய்தி: டாமியை டாக்டரிடம் கொண்டுபோனதில், கிழிந்த காது போக, இரண்டு காதுக்குள்ளும் பழைய புண், அழுக்கு, வாடை. எவ்வளவு நாளாக இருந்ததோ தெரியவில்லையாம்.

இது பெரிய விஷயம், நான் முதலிலேயே கேட்டிருக்கலாம். தொங்கு காது நாய்க்கு, அதுவும் நம்ம ஊர்ப் புழுக்கத்தில், காதுக்குள் தொற்று வருவது சாதாரணம். காது வலிக்கிற நாயின் தலைமேல் ஒன்றரை வயசுப் பொடியன் வந்து விழுந்து விளையாடினால் என்ன ஆகும்? இரண்டு மாதம் முன்பு திடீரென்று தொடங்கியது என்றீர்களே, ஒரு வருஷம் ஒன்றாகத் தூங்கியவை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைத்தான் பார்க்க வேண்டும். காது, பல், இடுப்பு மூட்டு (லேப்புக்கு இடுப்புக் கோளாறு வர வாய்ப்பு அதிகம்), உண்ணிக் காய்ச்சல், தைராய்டு. கண்ணும் செவியும் மங்கின வயசான நாய், மற்றது பக்கத்தில் வருவதே தெரியாமல் திடுக்கிட்டுக் கடிக்கும். இன்னொரு பக்கமும் யோசியுங்கள். ஒன்றரை வயது என்பது நாய் முழு ஆளாகும் வயது. குட்டிக்கு இருந்த சலுகை போகிற நேரம். ஆக காதும் வயசும் சேர்ந்து வந்திருக்கிறது.

கருத்தடை ஆபரேஷன் செய்தால் சண்டை நிற்குமா என்று கேட்டீர்கள். இரண்டும் ஆண் என்பதால் ஓரளவு உதவலாம், தெருவில் பொட்டை இணை சேரும் பருவத்துக்கு வரும் நேரத்தில் ஏறும் வெறி குறையும். சண்டையே பழக்கமாகிவிட்டிருந்தால் ஆபரேஷன் மட்டும் அதை நிறுத்தாது. பொட்டை இரண்டு அடித்துக்கொண்டால் இன்னும் கஷ்டம், அதை அனுபவத்தில் சொல்கிறேன். செவலைக்கும் பாப்பாவுக்கும் ஆபரேஷன் முடிந்தே இருந்தது, தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

2011இல் அமெரிக்காவில், ஒரே வீட்டுக்குள் அடித்துக்கொள்ளும் 38 ஜோடி நாய்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. முக்கால்வாசிக்கும் மேல் ஒரே பால் ஜோடிகள். பொட்டை நாய் சம்பந்தப்பட்ட ஜோடிகளே அதிகம். ஆரம்பிப்பது பெரும்பாலும் பின்னால் வந்த, வயதில் சின்ன நாய். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது பாப்பா என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது, ஒன்றும் தெரியாத மாதிரி.

ஜூலை 20

மூத்ததற்கு முதலிடம் விஷயம். யோசித்ததில் கொஞ்சம் பின்வாங்குகிறேன். அது உதவுகிறது என்றால் மூத்தது மூத்தது என்பதால் இருக்காது, தினமும் ஒரே வரிசை என்பதால் இருக்கலாம். எது எப்போது வரும் என்று தெரிந்தால் முண்டியடிக்க வேண்டியதில்லை. ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்த பிறகு கூட்டம் அமைதியாவது மாதிரி. டாமி முதல், மணி இரண்டு என்றோ, மணி முதல், டாமி இரண்டு என்றோ வையுங்கள், வீட்டில் எல்லோரும் அதே வரிசையைப் பின்பற்றுங்கள். அம்மா ஒரு வரிசை, அப்பா ஒரு வரிசை என்றால் பலன் இல்லை. மூத்தது மெலிந்து, வலியில் இருந்து, ஒதுங்க நினைக்கிறது என்றால் அதைப் பிடித்து முன்னால் நிறுத்தி "நீதான் பெரியவன்" என்று காட்டுவது அதற்கு ஆபத்து.

அப்புறம் பெயர். நாங்கள் "வாங்கடா" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டோம். "செவலை" என்றால் செவலை மட்டும் வரும், பாப்பா தன் சாக்குப் படுக்கையில் இருக்கும், இருந்ததற்கு அதற்கும் ஒரு துண்டு கிடைக்கும். இதைப் பழக்கப் பொறுமை வேண்டும். ஒரு நாயைத் தனியாக அதன் சாக்கில் இருக்கப் பழக்கிய பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பழக்க முடியும். தொடக்கத்திலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஈரலைக் காட்டினால் நான் பொறுப்பில்லை.

ஆகஸ்ட் 24

இரண்டு நாளாக இங்கே உச்ச நீதிமன்றம்தான். டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கச் சொன்ன 11ஆம் தேதி உத்தரவை 22ஆம் தேதி மாற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறியோ மூர்க்கமோ உள்ளவை தவிர, சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வதைப் பார்த்தால் செவலையும் பாப்பாவும் தேவலை.

நம்ம விஷயத்துக்கு இதில் ஒன்று இருக்கிறது. தம்பியின் அம்மா தெருநாய்களுக்கு வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே சோறு வைக்கிறார். உள்ளே கம்பிக்குப் பின்னால் டாமியும் மணியும் குரைத்துத் தள்ளுகின்றன. வெளியே உள்ளதை டாமியால் பிடிக்க முடியாது, உடம்பில் வெறி ஏறியிருக்கிறது, பக்கத்தில் நிற்பது மணி. திரும்பி மணியைக் கடிக்கும். எங்கள் வீட்டுக் கேட் புள்ளிகள் பாதி இதனால்தான், காஸ் சிலிண்டர்காரர் வந்தாலும் இதே கதை. சோறு வைக்கும் புண்ணியத்தை விட வேண்டாம், தெரு முனைக்கு மாற்றச் சொல்லுங்கள். கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரமோ பச்சை வலையோ வைத்து மறைத்துவிடுங்கள். வீட்டுக்காரர் ஒரு பழைய பேனர் துணியைக் கட்டினார், அதில் யாரோ ஒரு பிரமுகரின் பாதி முகம், அதுவும் வேலை செய்தது.

செப்டம்பர் 7

காது ஆறிவிட்டது, இப்போது சேர்ப்பது எப்படி என்கிறீர்கள். அவசரப்படுகிறீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்கு வெளியே. வீட்டுக்குள்ளே ஒவ்வொரு மூலைக்கும் பழைய கணக்கு இருக்கிறது. காலையில் கூட்டமில்லாத தெருவிலோ மைதானத்திலோ, ஆளுக்கொரு நாய், நடுவில் ஒரு பஸ் போகும் அகலம் இடைவெளி, ஒரே திசையில் நடக்க வேண்டும். எதிரெதிரே கொண்டுவந்து "பாரு, உன் தம்பி" என்று மூக்கோடு மூக்கு உரச வைக்கக் கூடாது. பிடரி சிலிர்க்காமல், முறைக்காமல், வழியில் கண்டதையெல்லாம் மோந்துகொண்டு நடந்தால் அடுத்த நாள் கொஞ்சம் நெருக்கம். கழுத்தில் கயிற்றை இறுக்கி இழுத்துக்கொண்டே போனால் அதுவே முறுக்கு, கயிறு தொய்வாக இருக்க வேண்டும். ஒரு நாள் மோசமாகப் போனால் அடுத்த நாள் பழைய இடைவெளிக்குத் திரும்புங்கள்.

இதற்கு நடுவில் மசில் (கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் கூடு) பழக்குங்கள், துணியில் வாயை இறுக்கிக் கட்டுவது வேண்டாம், நாய் வாய் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், நம்ம வெயிலில் வாயைக் கட்டினால் சுருண்டுவிடும். கூடை மாதிரி இருப்பது, போட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். முதலில் அதற்குள் கொஞ்சம் தயிர்சாதம் தடவி, தானாக மூக்கை நுழைக்க விட்டு, பல நாள் கழித்துத்தான் வாரை மாட்டுவது. ஒரு நாய்க்கு மட்டும் மாட்டி இன்னொன்றை அவிழ்த்து விடுவது அநியாயம், மாட்டியது அடி வாங்கும்.

அப்புறம் கிரில்லுக்கு இரண்டு பக்கமும். அப்புறம் ஹால், இரண்டு பேர் இரண்டு கயிறு. கொஞ்ச நேரம் போதும், நன்றாக இருக்கும்போதே பிரித்துவிட வேண்டும். "நல்லாத்தானே இருக்கு, இன்னும் கொஞ்ச நேரம்" என்று நினைக்கும் அந்த நிமிஷம்தான் பிரிக்க வேண்டிய நிமிஷம்.

நாயைச் சாந்தப்படுத்த மருந்து உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, ஃப்ளூஆக்ஸெட்டின் மாதிரி, பலன் தெரியவே சில வாரம் ஆகும், கால்நடை டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஊர் மாட்டாஸ்பத்திரியில் இதற்கு நேரம் இல்லை என்றால், சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903இலிருந்து இருக்கிறது. மாத்திரை போட்டுவிட்டு எலும்பை முற்றத்தில் வீசினால் மாத்திரை ஒன்றும் செய்யாது.

அக்டோபர் 21

நேற்று தீபாவளி. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 மட்டும் வெடிக்கலாம் என்பது அரசு சொல்வது, எங்கள் தெரு அதைப் படிப்பதில்லை. பயந்த நாய் பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும் என்பதால் முந்தின நாளிலிருந்தே இரண்டும் தனித்தனி அறை, ஜன்னல் சாத்தி, மின்விசிறி வேகமாக, டிவி சத்தமாக. செவலை கட்டிலுக்கு அடியில், பாப்பா குளியலறையில். பண்டிகை முடிந்த மறுநாளும் சேர்க்க மாட்டேன், மிச்ச வெடி இன்று ராத்திரிதான் தீரும். விருந்தாளி வருவது, பலகார வாசனை, கதவு திறந்து திறந்து மூடுவது எல்லாம் சேர்ந்துதான் இந்த ஒரு வாரம் இங்கே இத்தனை புதுக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: பிரித்து வையுங்கள், அடுத்த வாரம் பேசலாம்.

நவம்பர் 9

தம்பி எழுதியதைச் சுருக்கமாகப் போடுகிறேன். கிரில்லுக்கு இரண்டு பக்கமும் படுத்துத் தூங்குகின்றனவாம். மைதானத்தில் ஒன்றாக நடக்கின்றனவாம். ஒரு தடவை மாடிப்படியில் உறுமல், அம்மா போர்வையைப் போட்டுப் பிரித்தாராம், காயம் இல்லை. அப்பா தோட்டப் பேச்சை இன்னும் விடவில்லை.

அப்பாவுக்கு என் பதில். வேறு வீட்டுக்குக் கொடுப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். சில ஜோடி சேராது. பின்வாங்கினவனைத் துரத்திக் கடிக்கிறது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பாய்கிறது, சண்டைக்குச் சண்டை காயம் ஆழமாகிறது, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்றால் நானே கொடுக்கத்தான் சொல்வேன், அல்லது வாழ்நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பிரித்து வைக்க வீட்டில் எல்லோரும் தயாராக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வருஷக்கணக்கில் அப்படித்தான் நடக்கிறது, கதவு சாத்துவது பிள்ளைகளுக்குக்கூட கை வந்துவிட்டது. உங்கள் ஜோடி அந்த ரகம் இல்லை. உங்களுடையதில் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது: காது, கேட், பைக் சந்து. அப்பா சொல்லும் தோட்டம் எப்படிப்பட்டது என்று போய்ப் பாருங்கள். நண்பர் அங்கேயே குடியிருக்கிறாரா, மாதம் ஒருமுறை வந்து போகிறாரா? பம்ப் செட் பக்கத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டு, வேலைக்காரர் நினைவு வந்தால் சோறு என்றால், அதற்கு மாடியில் தனி அறை எவ்வளவோ மேல்.

அம்மா கிரில்லைத் திறந்தே வைக்கலாமா என்கிறார். வீட்டில் ஆள் விழித்திருந்து பார்க்கும்போது திறக்கலாம். சோற்று நேரம், ஆள் வருகிற நேரம், ராத்திரி, வீட்டில் யாரும் இல்லாதபோது மூடித்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான், செவலையும் பாப்பாவும் நல்லபடியாக இருக்கும் இந்த நாளிலும்.

மூன்றாவதாக ஒரு குட்டி வந்தால் இரண்டும் அதோடு விளையாடிச் சண்டையை மறந்துவிடும் என்று அம்மாவுக்கு யாரோ சொன்னார்களாம். வேண்டவே வேண்டாம். இரண்டு நாய் என்றால் கவனிக்க ஒரு ஜோடி, மூன்று என்றால் மூன்று ஜோடி. அம்மா இரக்கப்பட்டு மறுபடியும் மழையில் ஒன்றைத் தூக்கி வந்துவிட்டால் பெண் குட்டியாக இருக்கட்டும், வயசு வந்ததும் கருத்தடை, அதுவரை மாடி. டாமியின் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொன்னேனே, எக்ஸ்ரே எடுத்தீர்களா? அந்த மாடிப்படி உறுமல் எனக்குச் சரியாகப் படவில்லை.